மூணு கேட்டு ரெண்டுல முடிச்சது

பையைத் தூக்கி மடியில வெச்சுக்குங்க தம்பி. டிக்கெட்டு ஆளுக்குத்தான், பைக்கு இல்ல. கோவிச்சுக்காதீங்க, என் குரலே இப்படித்தான். சந்தையில நின்னு பேசிப் பேசி, பக்கத்துல இருக்கறவன்கிட்டச் சொன்னாலும் நாலு மாட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கறவனை வையற மாதிரிதான் வரும். சித்த முந்தி அந்தக் கண்டக்டர்கிட்டயும் சண்டை போடலை. சில்லறை கேட்டேன். அவன்தான் சண்டைன்னு நினைச்சுட்டான்.

கோயமுத்தூருங்களா? நானும் அந்தப் பக்கம்தான். ஜெயில் ஸ்டாப்புல எறங்கறேன். அப்படிப் பாக்காதீங்க, நான் உள்ள போகப் போறதில்ல. ஆளைக் கூட்டிட்டு வரப் போறேன். என் தம்பி, கூடப் பொறந்தவன். திருமூர்த்தின்னு பேரு. இன்னிக்கு விடறாங்க. பத்து மணிக்கு மேல ஜெயில் கேட்டுகிட்ட வந்து நிக்கச் சொல்லியிருக்குது. அவன் பொண்டாட்டி வளர்மதி என் பொண்டாட்டிகிட்டச் சொல்லி, இவ எங்கிட்டச் சொன்னா. வளர்மதி எங்கூட நேராப் பேசறதில்ல. பொம்பளைங்க கோபம், போச்சாது, அதை விடுங்க.

இந்தக் கவருக்குள்ள புது வேட்டி, சட்டை. உள்ள போட்டிருந்த துணியோட ஊருக்குள்ள வரக்கூடாதுன்னு எடுத்தேன். சட்டை பழைய அளவுதான். ஆளு எளைச்சிருப்பானா, பெருத்திருப்பானான்னு தெரியலை. பார்த்து வருஷமாச்சு.

அவனைக் கூட்டிட்டு வந்து என் வீட்டுல உக்கார வெச்சு ஒரு வாய் சோறு போடணும். அப்பறம் சந்தைக்குக் கூட்டிட்டுப் போய், எல்லாரும் பாக்க எம் பக்கத்துல நிறுத்தணும். இது ரெண்டும் நடந்துட்டாப் போதும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டியதில்ல.

என்ன கேஸுன்னு நீங்க கேக்க மாட்டீங்கறீங்க. படிச்சவங்க அப்படித்தான், கேக்காமயே காதைக் குடுப்பீங்க. நானே சொல்லிடறேன். கொலைக் கேஸு. ஆனா அவன் பண்ணலை. அடி விழுந்த நேரத்துல அவன் சந்தையிலயே இல்ல.

நான் மாட்டுத் தரகு பாக்கறவன். மாரப்பன்னு கேட்டா எங்க சந்தையில மாடு கூடத் திரும்பிப் பாக்கும். எங்க சந்தை ஒரு சரிவுல இருக்குது தம்பி. மேட்டுப் பக்கம் கறவை மாடு, பள்ளத்துப் பக்கம் உழவு மாடு, பால் வத்தின மாடு. மேட்டுல நிக்கற தரகருங்க மேட்டு செட்டு, கீழ நிக்கறவங்க பள்ளத்து செட்டு. மேட்டு ஆளு கீழ போய் ஒரு மாட்டு வாலைத் தொடக்கூடாது. கீழ இருக்கறவன் மேல வந்தா வேடிக்கை பாத்துட்டுப் போயிடணும். எழுதி வெச்ச சட்டம் எதுவுமில்ல. எழுதி வெச்சதைத்தான் மாத்துவாங்க. இதை யாரும் மாத்த மாட்டாங்க.

எங்களுக்கு அப்பனும் இல்ல, ஆத்தாளும் இல்ல. எனக்கு ஊரே சொல்லத் தெரியாது. யாராவது எந்த ஊருன்னு கேட்டா மேட்டு செட்டும்பேன். சென்னியண்ணன்னு ஒருத்தரு, சென்னியப்பன். அவருதான் மேட்டுக்குத் தலை. முப்பது தரகருங்க அவரு கண்ணைப் பாத்து நிப்பாங்க. ஒரு நாளு அத்தனை பேரு முன்னாலயும் அவரு தோள்ல கெடந்த துண்டை எடுத்து என் தோள்ல போட்டாரு. 'இனி இவன் நம்ம ஆளு'ன்னாரு. அவ்வளவுதான் பேசினாரு. அந்தத் துண்டை நான் தொவைக்கறதுக்குக் கூட பொண்டாட்டிகிட்டக் குடுத்ததில்ல.

துண்டுன்னு சொன்னது வெறும் துண்டில்ல. அதுலதான் எங்க பொழைப்பே. நீங்க பாத்திருக்கீங்களா? விக்கறவனுக்கும் வாங்கறவனுக்கும் நடுவுல கையைப் போர்த்தி, உள்ள விரலைப் பிடிச்சு விலை பேசுவோம். ஒரு விரலைப் பிடிச்சா ஒண்ணு, ரெண்டைப் பிடிச்சா ரெண்டு, முழுக்கையும் பிடிச்சா அஞ்சு. சுத்தி நூறு பேரு நின்னாலும் உள்ள ஓடற விலை ஒருத்தனுக்கும் தெரியாது. மேல வாய் மாட்டைப் பத்தி வேற என்னவோ பேசிட்டிருக்கும். பேச்சு முடிஞ்சா கையை மொத்தமா மூடி அழுத்தணும். அழுத்திட்டா முடிஞ்சது. அப்பறம் வானமே இடிஞ்சு விழுந்தாலும் சொன்னது சொன்னதுதான். அடுத்தவன் துண்டு விழுந்த கையில இன்னொருத்தன் கை வைக்கக்கூடாது. துண்டைத் தூக்கிப் பாக்கறது, அது பெத்தவ சேலையைத் தூக்கிப் பாக்கற மாதிரி.

அதைத்தான் செங்கோடன் பண்ணினான்.

செங்கோடன் பள்ளத்து செட்டு. கெட்டவன் இல்ல. நக்கல் பிடிச்சவன், வாய் சும்மா இருக்காது. சென்னியண்ணனுக்கு நவீன்குமாருன்னு ஒரே பையன். வெளியூருல காலேஜு படிச்சுட்டு வந்து, அப்பனுக்கு அப்பறம் நான்தான்னு சந்தையில வெள்ளைச் சட்டையோட நின்னான். விரல் பாஷை அவனுக்கு ஓடலை. சொல்லிக் குடுக்க வந்தவனையும் 'எனக்குத் தெரியும், போடா'ன்னு அனுப்பிட்டான். அன்னிக்கு ஒரு மலையாளத்து வியாபாரிகிட்ட, யாரையும் விடாம அவனே துண்டைப் போட்டான். துண்டு குதிக்குது தம்பி. உள்ள விரல் பேசினா துண்டு அசையாது. இது மேலயும் கீழயும் ஆடுது. அந்த வியாபாரி முகத்துல என்ன பண்றதுன்னு தெரியாத ஒரு முழி. செங்கோடன் கீழிருந்து வேடிக்கை பாக்க வந்தவன், சட்டுனு துண்டைத் தூக்கிட்டான். உள்ள பாத்தா, பையன் அந்தாளு கையைப் பிடிச்சு ஆபீஸுல குலுக்கற மாதிரி குலுக்கிட்டிருக்கறான்.

'ஏனுங்க சின்னப் பண்ணாடி, மாடு விக்கறீங்களா, மாப்பிள்ளை பாக்கறீங்களா?'ன்னான் செங்கோடன்.

சந்தையே சிரிச்சுது. மேட்டுலயும் சிரிச்சாங்க, பள்ளத்துலயும் சிரிச்சாங்க. அந்த மலையாளத்தான் கூடச் சிரிச்சான். எனக்கும் வந்துச்சு, துண்டை வாயில வெச்சு அடக்கிக்கிட்டேன்.

நவீன் குனிஞ்சு மாடு கட்டற முளையைப் பிடுங்கினான். ஒரே அடி. செங்கோடன் விழவே இல்ல. அப்படியே உக்காந்தான். சிரிப்பு கூட முகத்துல அப்படியே இருந்துச்சு. 'தண்ணி குடுங்க'ன்னான். யாரோ மாட்டுக்கு வெச்ச வாளியைக் குடுத்தாங்க, அதைக் குடிச்சான். காதுல ரத்தம் வந்துச்சு. அப்பறம் ரெண்டு பக்கமும் கல்லு பறந்துச்சு, லாரிக் கண்ணாடி போச்சு, நாலஞ்சு பேருக்கு மண்டை உடைஞ்சுது. எனக்கு வர்ற கோபத்துக்கு நானும் ஒருத்தனைப் போட்டு மிதிச்சேன். யாருன்னு பாக்கலை. கீழ கெடந்தான், மிதிச்சேன். மாடுங்க எல்லாம் கயிறை இழுத்துக்கிட்டு ஒரே பக்கமா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நின்னுச்சு. அது ஒண்ணு நல்லா ஞாபகம் இருக்குது.

செங்கோடனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. உசிரு இருந்துச்சு. அதையும் சொல்லணும். நாங்க பேசறப்ப அவனுக்கு உசிரு இருந்துச்சு.

மத்தியானம் சென்னியண்ணன் கொட்டகையில எல்லாரையும் கூப்பிட்டாரு. மேட்டு செட்டுல இருந்து ஒரு ஆளு ஒப்புக்கிட்டுப் போகணும், இல்லாட்டி போலீஸு வீடு வீடாப் பூந்து எல்லாரையும் அள்ளிட்டுப் போயிடும்னு பேச்சு. நவீன் பேரை யாரும் எடுக்கலை. எடுக்கற மாதிரி யாருக்கும் தோணலை. தலை இருக்க வாலுதானே தம்பி போகணும்.

என் தம்பியும் வந்திருந்தான். சண்டைன்னு யாரோ சொல்லி, எனக்கு என்னாச்சோன்னு பாக்க வந்திருந்தான். வாசல்கிட்ட உக்காந்து ஒரு கன்னுக்குட்டி காதுல உண்ணி எடுத்துட்டிருந்தான். அவனைப் பத்தி உங்களுக்குச் சொல்லணும். தரகுக்கு லாயக்கில்லாதவன். நான்தான் கெஞ்சிக் கூத்தாடி செட்டுல சேத்து விட்டேன். வாங்கறவன் எதிர்ல மாட்டுப் பல்லைப் பிடிச்சுப் பாத்துட்டு, 'இது மூணு கன்னு ஈன்ன மாடு இல்லைங்கண்ணா, அஞ்சு ஈத்துங்க'ம்பான். நான் பேசி ஏத்தி வெச்சிருப்பேன், இவன் ஒரு வார்த்தையில எறக்கிடுவான். வாங்கறவனுக்கு அவன்னா உசிரு. விக்கறவன் என்னைத் திட்டுவான். 'டேய், உள்ளதைச் சொல்றதுக்கு உனக்கு எதுக்குடா தரகு'ன்னு எத்தனை தடவை அறைஞ்சிருக்கறேன். அறைஞ்சாலும் மூஞ்சி மாறாது. அடுத்த மாட்டுப் பல்லைப் பாக்கப் போயிடுவான்.

சென்னியண்ணன் வாசலைப் பாத்தாரு. அப்பறம் என்னைப் பாத்தாரு. பக்கத்துல கூப்பிட்டு, காதோட, 'மாரப்பா, உன் வீட்டுல இருந்து ஒருத்தன் போகட்டும். அடிதடிக் கேஸுதான். ஒரு மாசத்துல வெளிய எடுத்துடலாம். உனக்கு என்ன வேணும் கேளு'ன்னாரு. சொல்லிட்டு அவரு துண்டை எடுத்துக் கையில போட்டாரு.

அத்தனை பேருக்கு நடுவுல எனக்குத் துண்டு போட்டாரு தம்பி. செட்டுல வேற எவனுக்கும் அவரு அப்படிப் போட்டதில்ல. வந்து நில்லும்பாரு, நிப்போம். போம்பாரு, போவோம். அன்னிக்கு எனக்குச் சரிசமமா கையை நீட்டினாரு.

நான் கையை உள்ள விட்டேன்.

மேட்டுல ஆறு வரிசை கட்டுத்தறி. அதுல எனக்குன்னு ஒண்ணும் கெடையாது, எங்க எடம் கெடைக்குதோ அங்க நின்னு பொழைச்சவன் நான். வரிசை ஒருத்தனுக்குச் சொந்தம்னா, அங்க கட்டற மாடெல்லாம் அவன் கை வழியாத்தான் போகணும். நான் மூணு விரலைப் பிடிச்சேன். மூணு வரிசை. அவரு ஒண்ணைப் பிடிச்சாரு. நான் கையை ஆட்டினேன். அவரு திரும்பவும் ஒண்ணு. நான் மூணுலயே நின்னேன். மேல வாய் செங்கோடன் ஆஸ்பத்திரியைப் பத்திப் பேசிட்டிருக்குது, உள்ள விரல் பேசுது. அவரு மூச்சை விட்டாரு. ரெண்டைப் பிடிச்சாரு. நான் கொஞ்ச நேரம் பிடி குடுக்காம விட்டேன். அதுதான் சூட்சுமம், உடனே ஒத்துக்கிட்டா நமக்கு மதிப்பில்ல. அப்பறம் மூடி அழுத்தினேன்.

மூணு கேட்டு ரெண்டுல முடிச்சேன். ஒண்ணு குடுக்க வந்த மனுசன்கிட்ட. சென்னியண்ணன்கிட்ட எவனும் அப்படி வாங்கினதில்ல. இன்னிக்கும் சொல்லுவேன்.

இதைச் சொன்னப்பத்தான் என் பொண்டாட்டி துளசிமணி அன்னிக்கு வீட்டுல கேட்டா. 'ஏனுங்க, உங்க பாஷையில முடியாதுங்கறதுக்கு ஒரு விரலும் இல்லீங்களா?'ன்னா. இருக்குதுடீன்னேன். கையை வெளிய எடுத்துட்டா முடியாதுன்னு அர்த்தம். ஆனா விலை சொல்லாம எடுத்தாத்தான் அது செல்லும். ஒரு விலை சொல்லிட்டா, விக்கச் சம்மதம்னு ஆயிடும், அப்பறம் எவ்வளவுங்கறது மட்டும்தான் பேச்சு. இது சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும். நான் விரலைப் பிடிச்சுட்டேன். கை பழக்கம். நீட்டின கையைப் பாத்தா என் கை விலை சொல்லிடும். நான் யோசனை பண்ணிட்டிருக்கறப்பவே கை சொல்லிடும். அதுக்கு நான் என்ன பண்றது? அவ அரிசி களைஞ்சுட்டிருந்தா, களைஞ்சுட்டே இருந்தா.

துண்டை எடுத்ததும் சென்னியண்ணன் வாசலைப் பாத்து, 'மூர்த்தி, உங்கண்ணன் பேசிட்டான்'னாரு. அவன் உண்ணி எடுத்த கையைத் தொடைச்சுக்கிட்டு வந்தான்.

'என்னண்ணா பேசினே?'

'ஒரு மாசம்டா. போயிட்டு வந்துடு. நம்ம செட்டுக்காக.'

'நான் வீட்டுல இருந்தேனேண்ணா.'

'அது எனக்குத் தெரியாதா? நான்தான் அடிச்சேன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.'

என்னை மாட்டுப் பல்லைப் பாக்கற மாதிரி பாத்தான். அப்பறம், 'வளர்மதிகிட்ட நீயே சொல்லிடு'ன்னு கெளம்பிட்டான். எதிர்த்து ஒரு பேச்சுப் பேசலை. அவனை வளத்தவன் நான்தானே. அவன் ஆயுசுல சொன்ன ஒரே பொய்யி அதுதான் தம்பி. அதையும் செட்டுக்காகச் சொன்னான். பெருமையா இருக்காதா?

நீங்களே போயிருக்கலாமேங்கறீங்க. கேக்கலை, ஆனா உங்க மூஞ்சி கேக்குது. நான் போயிட்டா அந்த ரெண்டு வரிசையை யாரு பாக்கறது? அவனுக்கு விலை பேசத் தெரியாதே. அஞ்சு ஈத்தும்பான். ஒரு சந்தையில எல்லாத்தையும் கோட்டை விட்டிருப்பான்.

அடுத்த சந்தை வர்றதுக்குள்ள செங்கோடன் செத்துப் போயிட்டான். அடிதடி கொலையாயிடுச்சு. ஒரு மாசங்கற பேச்சு போச்சு.

வளர்மதி வந்து என் காலுல விழுந்தா. கைக்குழந்தையோட விழுந்தா. 'மாமா, நீங்க போய் உண்மையைச் சொல்லுங்க மாமா, அவரு அன்னிக்கு வீட்டுல பாத்ரூமுக்குச் செவுரு பூசிட்டிருந்தாரு, தெருவே பாத்துச்சு மாமா'ன்னு அழுதா. எனக்கு மட்டும் மனசு இல்லையா? நான் சென்னியண்ணன்கிட்டப் போனேன். போய் நின்னேன். அண்ணா, பேச்சு ஒரு மாசத்துக்குத்தானுங்களேன்னேன்.

அவரு கோவப்படலை. சாந்தமாத்தான் கேட்டாரு. 'ஏன்டா மாரப்பா, கயிறு கை மாறினதுக்கப்பறம் போற வழியில மாடு செத்துப் போச்சுன்னா, வாங்கினவன் வந்து காசைத் திருப்பிக் கேப்பானா? கேட்டா நீ குடுக்க விடுவயா?'

அது நியாயம்தானுங்களே. நான் எத்தனை பேருக்கு அதே வார்த்தையைச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கறேன். அழுதுட்டு வந்தவனைக் கூட அனுப்பியிருக்கறேன். எனக்குன்னு வர்றப்ப மட்டும் வழக்கம் வேற ஆயிடுமா? சரிங்கண்ணான்னு வந்துட்டேன். வளர்மதிகிட்ட, பேசிட்டேன், பாக்கலாம்னு சொன்னாருன்னு சொன்னேன்.

கோர்ட்டுல, திட்டம் போட்டுப் பண்ணினதில்ல, சண்டையில நடந்ததுன்னு ஏழு வருஷம் போட்டாங்க. அன்னிக்கு நான் முன்னாலயே உக்காந்திருந்தேன். அவன் திரும்பி ஒரு தடவை பாத்தான். பயப்படாதண்ணாங்கற மாதிரி இருந்துச்சு எனக்கு. வளர்மதி பின்னால நின்னுட்டிருந்தா, அவளைத்தான் பாத்தான்னு துளசிமணி சொல்றா. அவளுக்கு எப்பவும் எதையாவது குறைச்சுச் சொல்லணும்.

ஜெயிலுக்குப் போய் மனு எழுதிக் குடுப்பேன். உள்ள போய்க் கேட்டுட்டு வந்து, பாக்க விருப்பமில்லையாம், போங்கம்பாங்க. வெக்கம் தம்பி. அண்ணன் முன்னால அந்தத் துணியில வந்து நிக்கறதுக்கு வெக்கம். அவன் அப்படித்தான். வளர்மதியைப் பாத்தான், மச்சானைப் பாத்தான், செங்கோடன் பொண்டாட்டி ஒரு தடவை போனாளாம், அவளைக்கூடப் பாத்திருக்கறான். அவங்க எல்லாம் வேத்து ஆளுங்க, அவங்க முன்னால வெக்கம் இருக்காது. செங்கோடன் பொண்டாட்டி எதுக்குப் போனாங்கறீங்களா? தெரியலை. மனசுல இருக்கறதைக் கேட்டுட்டு வந்தாளாம். அவன் உள்ளதைச் சொல்லியிருப்பான். அதுக்கப்பறம் அவளும் வளர்மதியும் ஒண்ணாத்தான் தையல் மெஷின் போட்டுத் தச்சுட்டிருக்கறாங்க. உலகத்துல எதை எதோட கட்டறதுன்னே இல்லாம போச்சு.

வரிசையா? ரெண்டும் எனக்குத்தான் வந்துச்சு. சென்னியண்ணன் வாக்கு மாற மாட்டாரு. கறவை மாட்டு வரிசை, கிழக்குப் பாத்தது, நல்ல நெழல். சந்தை அன்னிக்கு நான் போய் நின்னா எனக்குன்னு ஒரு எடம். கல்லுல என் பேரைப் பெயிண்டுல எழுதி வெச்சேன். பள்ளத்துக்காரனுங்க ராத்திரியில சாணியை அப்பி வெப்பானுங்க, காலையில நான் கழுவுவேன்.

போன வருஷம் ரெண்டு செட்டும் ஒண்ணாயிடுச்சு. அதையும் சொல்லிடறேன். இப்ப எல்லாம் மாட்டைப் போட்டோ எடுத்து, பால் கறக்கறதை வீடியோ எடுத்து போன்லயே வித்துடறாங்க. ரெண்டு பக்கமும் அடிச்சுக்கிட்டா ரெண்டு பக்கமும் சாவோம்னு நவீன்தான் பேசி முடிச்சான். செங்கோடனுக்கு ஒரு தம்பி இருக்கறான். அவனும் நவீனும் இப்ப ஒரே வண்டியில வர்றாங்க, ஒரே பாட்டில்ல தண்ணி குடிக்கறாங்க. சமாதான விருந்து போட்டாங்க. நானும் பந்தியில நின்னு ரசம் ஊத்தினேன். மேடு பள்ளம்னு இனி ஒண்ணும் கெடையாது, வரிசை யாருக்கும் தனியா கெடையாதுன்னு பேசினாங்க. என்கிட்ட யாரும் கேக்கலை. கேக்க வேண்டியதில்லையே, நான்தான் பெரிய மனசு பண்ணி விட்டுக் குடுத்துட்டேனே. அந்தக் கல்லைப் பேத்துட்டு அங்க வண்டி நிறுத்தறாங்க.

போன்ல எல்லாருக்கும் ஒரு குரூப்பு வெச்சிருக்கறாங்க. மாட்டு விலை எல்லாம் அதுலதான் வருது. என்னைச் சேக்கலை. மறந்திருப்பாங்க. நானும் போய்க் கேட்டா மரியாதையா இருக்காதுன்னு விட்டுட்டேன்.

ஆனா என் தம்பி வர்றான்னதும் நான் சென்னியண்ணன்கிட்டப் போய்ச் சொன்னேன். அண்ணா, செட்டுக்காகப் போனவன் வர்றான், கொட்டகையில வெச்சு ஒரு மாலை போடணும், உங்க கையால ஒரு துண்டு போடணும்னேன். அவரு போனைப் பாத்துட்டே, 'எந்த செட்டுக்குடா?'ன்னாரு. வயசாயிடுச்சு, மறதி. நான் ஞாபகப்படுத்தினேன். 'பாக்கலாம் மாரப்பா'ன்னாரு. அவரு பாக்கலாம்னா சரின்னு அர்த்தம். நாளைக்குச் சந்தை. மாலைக்கு நானே சொல்லி வெச்சுட்டேன்.

இருங்க. போன் அடிக்குது. துளசிமணிதான்.

சொல்லு. போயிட்டிருக்கறேன், இன்னும் அஞ்சு நிமிசத்துல ஜெயில் ஸ்டாப்பு. சோறு ஆக்கிட்டயா? அவனுக்குப் புடிக்குமேன்னு கொள்ளுப் பருப்பு கடையச் சொன்னேனே. என்ன? யாரு வந்தா? சத்தமாச் சொல்லுடி, பஸ் எரையுது.

எப்ப?

முந்தாநேத்தா?

நீ எங்க இருந்து பேசறே?

தம்பி, இவ என்னவோ சொல்றா. முந்தாநேத்தே விட்டுட்டாங்களாம். வளர்மதியும் அவ அண்ணனும் போய்க் கூட்டிட்டு வந்துட்டாங்களாம். இவளுக்கு அப்பவே தெரியுமாம். எனக்கு இன்னிக்குன்னு சொல்லச் சொன்னாங்களாம். ரெண்டு நாளு அவன் நிம்மதியா இருக்கட்டும்னு சொன்னாங்களாம். காலையில எனக்குச் சட்டைக்குப் பொத்தானைப் போட்டு விட்டு, டிபன் கட்டிக் குடுத்து அனுப்பினவ. கவரைக் கூட இவதான் எடுத்துக் குடுத்தா.

நீ இப்ப அவங்க வீட்டுலயா இருக்கறே? சரி. வெச்சுடாத. நான் உன்னை வைய மாட்டேன். அவன் இருக்கறானா? போனைக் குடு. குடுடீங்கறேன்.

மூர்த்தி.

நான் அண்ணன். பேச வேண்டாம், கேளு. நான் திரும்பி வந்துட்டே இருக்கறேன். மத்தியானம் நம்ம வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிடு. வளர்மதியையும் கூட்டிட்டு வா.

சரி. சாப்பிட வேண்டாம். நாளைக்குச் சந்தைக்கு வா. வந்து சும்மா நில்லு. மாலை எல்லாம் வேண்டாம்னு சொல்லிடறேன்.

சரி, சந்தை வேண்டாம். நான் உங்க வீட்டுக்கு வர்றேன். உள்ள வரலை. வாசல்ல நிக்கறேன். நீ வெளிய வந்து ஒரு பார்வை பாத்துட்டு உள்ள போயிடு.

சரி. நீ வெளிய வர வேண்டாம். நான் தெருவுல அப்படியே நடந்து போறேன். நீ கதவைச் சாத்தாம இருந்தாப் போதும்.

மூர்த்தி, நீ ஒண்ணு சொல்லு. நானே எறங்கி எறங்கி வர்றேன். நீயும் ஏதாவது சொன்னாத்தானே பேச முடியும்.

ம்.

ம்.

சரி.

வெச்சுட்டான்.

பேசினான் தம்பி. 'கோபமெல்லாம் ஒண்ணுமில்லண்ணா. நீ வர வேண்டாம்'னான். குரலு அப்படியே இருக்குது, கொஞ்சங்கூட மாறலை. கோபமில்லைன்னு சொன்னானே, உங்களுக்கும் கேட்டிருக்கும். அவன் அப்படித்தான். மனசுல ஒண்ணு வெச்சுக்கிட்டு வாயில ஒண்ணு சொல்ல மாட்டான். பொய்யே வராது அவனுக்கு.

வராது.

ஏனுங்க கண்டக்டர், என்னவாமா? ஜெயில் ஸ்டாப்பா? இல்லைங்க, நான் எறங்கலை. எடுங்க வண்டியை. டிக்கெட்டு இதுவரைக்கும்தான், தெரியுதுங்க. அதுக்கு மேல ஒண்ணு குடுங்க. சண்டை இல்ல, நிஜமாத்தான் கேக்கறேன், குடுங்க.

எந்த ஸ்டாப்புக்கா?

நீங்களே ஒண்ணு சொல்லுங்க.